புழக்கடைக் கொட்டிலும் 39 பீப்பாய்களும்

சென்ற இதழில் நாம் சிக்காகோ சர்வகலாசாலையின் விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் நின்று, 1942-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி பிற்பகலில் என்ரிகோ பெர்மியும் அவருடைய சகாக்களும் மனித சரித்திரத்தின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டிய காட்சியைப் பார்த்தோம். முறைப்படி இந்த வாரம் அங்கிருந்து, அணுகுண்டுத் திட்டம் அடுத்து நகர்ந்த ஓக் ரிட்ஜுக்கும் ஹான்போர்டுக்கும் பயணப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, "ஏன் தாத்தா, இதையெல்லாம் ஒருத்தர் வீட்டிலேயே செஞ்சு பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குச் சரித்திரத்தில் பெரும்பாலும் ஒரு பதில் இருக்கவே செய்கிறது. இந்தக் கேள்விக்கும் இருக்கிறது. அதைச் சொல்வதற்காக வாசகர்களை ஒரே தாவலில் 52 வருஷங்களைக் கடத்தி, சிக்காகோவுக்குக் கிழக்கே டெட்ராய்ட் நகரை ஒட்டியிருக்கும் ஒரு புறநகருக்கு அழைத்துப் போகிறேன். தொடரின் ஒழுங்கு குலைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1994-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி, விடியற்காலை 2 மணி 40 நிமிஷம். மிச்சிகன் மாகாணத்தில் கிளிண்டன் டவுன்ஷிப் என்னும் ஊரின் போலீசாருக்கு, யாரோ ஒரு வாலிபன் தெருவில் நிற்கும் காரிலிருந்து சக்கரங்களைத் திருடுவதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தபோது, 17 வயதுப் பையன் ஒருவன் தன் நண்பனுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னான். அந்த வேளையில் அப்படிச் சொன்னால் எந்தப் போலீஸ்காரர்தான் நம்புவார்? அவனுடைய காரின் பின்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே, பூட்டுப் போட்டு அதன்மேல் ஒட்டுநாடாவையும் சுற்றியிருந்த ஓர் இரும்புக் கருவிப்பெட்டி. தகட்டுத் தாளில் பொட்டலம் கட்டிய சாம்பல் நிறப் பொடி ஐம்பதுக்கு மேல். அமிலங்கள், தாதுக் கற்கள், பழைய கடிகாரத்தின் முகம் ஒன்று, பாதரசச் சாதனங்கள், வாணவெடிகள். அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம், அதில் கதிரியக்கம் இருக்கிறது என்று பையனே எச்சரித்தான். அவ்வளவுதான், இது அணுகுண்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற பீதி போலீசாரைப் பற்றிக்கொண்டது. அணுகுண்டு என்று நினைத்த அந்த வண்டியை அவர்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோனார்களா என்றால் இல்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நேரே தங்கள் தலைமை அலுவலகத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பது இந்தச் சரித்திரத்தின் சிறிய ஹாஸ்யங்களில் ஒன்று.

அந்தப் பையனின் பெயர் டேவிட் ஹான். 1998-இல் கென் சில்வர்ஸ்டீன் என்னும் பத்திரிகையாளர் 'ஹார்ப்பர்ஸ்' மாதப் பத்திரிகையில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதி, பின்னர் 2004-இல் அதையே புத்தகமாக்கி வெளியிட்டதால், அவனுடைய கதை உலகமெங்கும் தெரிந்ததாகிவிட்டது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்த குடும்பம். வார நாட்களில் தகப்பனார் வீடு. வார இறுதியில், கோல்ப் மேனர் என்ற குடியிருப்பில் இருந்த தாயார் வீடு. பத்து வயதில் அவன் கைக்கு ஒரு ரசாயனப் புத்தகம் கிடைத்தது. 1960-இல் குழந்தைகளுக்கென்று வெளியான, வண்ணப் படங்கள் நிரம்பிய புத்தகம். அதிலிருந்து தொடங்கிய மோகம் அடங்கவேயில்லை. படுக்கையறையில் பரிசோதனை செய்து சுவரையும் கம்பளத்தையும் கெடுத்ததால் நிலவறைக்குத் துரத்தப்பட்டான். நிலவறையில் சிவப்பு பாஸ்பரஸ் வெடித்து அரை மயக்கத்தில் கிடந்ததால் அங்கிருந்தும் துரத்தப்பட்டான். சாரணர் முகாமில் கூடாரத்தில் ஓட்டை விழும்படி மக்னீஷியத்தைக் கொளுத்தினான். இன்னொரு முறை, செயற்கையாகச் சருமத்துக்கு நிறம் ஏற்றும் மருந்தை அளவுக்கு மீறித் தின்றுவிட்டு, முகமெல்லாம் ஆரஞ்சு நிறத்தோடு வந்து நின்றான். கடைசியில் தாயார் வீட்டுப் புழக்கடையில், தொட்டிச் செடிகளுக்கான மண்ணும் கரண்டியும் போட்டுவைக்கும் மரக்கொட்டில் ஒன்று அவனுக்குப் புகலிடமாயிற்று. பெரியவர்கள் அவனை நிறுத்தவில்லை. தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போனான், அவ்வளவே வித்தியாசம்.

அவனை அணுவின் பக்கம் திருப்பியது சாரணர் இயக்கம். அமெரிக்கச் சாரணர்கள் நீச்சல், தச்சு, முதலுதவி முதலிய கலைகளில் தேர்ச்சி பெற்றுச் சின்னங்கள் அணிந்துகொள்வது வழக்கம். 1963 முதல் அணுசக்திக்கென்றும் ஒரு சின்னம் இருந்தது. அதற்கான கையேட்டை, அணுசக்தித் தொழிலில் ஈடுபட்டிருந்த நிறுவனங்களும் சேர்ந்து தயாரித்திருந்தபடியால், அதில் அணுவின் மகிமை தாராளமாகவும் அபாயம் சிக்கனமாகவும் பேசப்பட்டிருந்தது. பழரச டப்பா, சட்டை மாட்டும் கம்பி, தீக்குச்சி, ரப்பர் வளையம் இவற்றைக்கொண்டு ஒரு பொம்மை அணு உலை செய்து காட்டி, 1991-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி, தன் பதினான்காம் வயதில் டேவிட் அந்தச் சின்னத்தைப் பெற்றான். மற்றப் பையன்கள் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவனுக்குப் பொம்மை போதவில்லை.

இதற்காக அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அணு என்றால் அச்சம் என்பது பிற்காலத்து மனோபாவம்; ஒரு காலத்தில் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகவே விற்கப்பட்டது. 1908-ஆம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயத்தில் கோல் ஊன்றித் தாண்டுவதில் தங்கப் பதக்கம் வென்றவரும், பிறகு பொம்மை வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவருமான ஆல்பிரட் கில்பர்ட் என்பவர், 1950-இல் 'அணுசக்திப் பரிசோதனைச் சாலை' என்று ஒரு பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். விலை 49 டாலர் 50 சென்ட். உள்ளே நான்கு வகை யுரேனியத் தாதுக்கள் சிறு புட்டிகளில். கதிர்களை எண்ணும் கைகர் கருவி. துகள்கள் செல்லும் தடத்தைப் புகைக் கோடாகக் காட்டும் மேகக் கூண்டு. இவற்றோடு, அணுகுண்டுத் திட்டத்தின் தலைவராயிருந்த ஜெனரல் குரோவ்ஸின் ஒத்துழைப்போடு எழுதப்பட்ட சித்திரக் கதைப் புத்தகம் ஒன்று. புதிய யுரேனியச் சுரங்கம் கண்டுபிடிப்பவருக்குச் சர்க்கார் 10,000 டாலர் வெகுமதி தரும் என்ற செய்தியும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. விலை அதிகம் என்பதால் 5,000 பெட்டிகள்கூட விற்கவில்லை. ஓரிரு வருஷங்களில் மறைந்துவிட்டது. ஆனால் நியாயமாகச் சொன்னால், தாதுவைப் புட்டியை விட்டு வெளியே எடுக்காதவரையில் அந்தப் பொம்மையால் பெரிய தீங்கு இல்லை. 'புட்டியை விட்டு வெளியே எடுக்காதவரையில்' என்ற இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கதை முழுவதும் அதைச் சுற்றியே போகிறது.

டேவிட் சேகரித்த பதார்த்தங்களில் ஒன்றோடு நமக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கை அறியாத தலைமுறை வந்துவிட்டது. அதன் மேண்டிலை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. என் சிறு பிராயத்தில், கலியாண வீட்டில் மாலையானதும் விளக்குக்காரர் வந்து, வெள்ளைப் பட்டு நூலால் பின்னிய சிறு பை போன்ற மேண்டிலை விளக்கில் கட்டி, நெருப்பு வைப்பார். நூல் எரிந்துபோகும், ஆனால் பையின் உருவம் மட்டும் வெண்சாம்பலாக அப்படியே நிற்கும். பிறகு காற்றடித்துப் பற்றவைத்தால் பந்தல் முழுவதும் பகலாகும். மறுநாள் உதிர்ந்து கிடக்கும் அந்தச் சாம்பலை விரலில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு திருநீறு என்று விளையாடியிருக்கிறோம். அது தோரியத்தின் சாம்பல் என்பதும், தோரியம் கதிரியக்கம் உடையது என்பதும் அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? வியன்னா நகரத்து ஆவர் வான் வெல்ஸ்பாக் என்ற ரசாயன சாஸ்திரி கண்டுபிடித்த இந்த மேண்டிலுக்காக ஐரோப்பா முழுவதும் தோரியம் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1909-இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் பூர்விகத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார் என்பார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை மணல் அந்நாளில் ஐரோப்பியத் தெருக்களுக்கு வெளிச்சம் தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதே மணல் அணுசக்தியின் மூலப்பொருளாகச் சர்க்காரின் காவலுக்குள் போயிற்று. விளக்குச் சாமானுக்கும் அணு உலைச் சாமானுக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய சுவர் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

டேவிட் அந்தச் சுவரைத் தன் போக்கில் கண்டுகொண்டான். கடைகளில் கிடைக்கும் மேண்டில்களில் தோரியம். வீடுகளின் கூரையில் மாட்டும் புகை உணர்கருவிகளில் அமெரிசியம். இருட்டில் ஒளிரும் பழங்காலக் கடிகாரங்களின் முட்களில் ரேடியம். பள்ளிக்கூடத்துப் பிரயோகத்துக்கு என்று சொல்லி, பழுதான புகை உணர்கருவிகள் ஏறக்குறைய நூற்றை, ஒன்று ஒரு டாலர் வீதம் வாங்கினான். தாதுவுக்காகச் செக்கோஸ்லோவேகியா தேசத்துக் கம்பெனி ஒன்றுக்குக்கூட எழுதினான். மேரி கியூரி அம்மையார் ரேடியம் பிரித்தெடுத்த கருங்கல் தாது அந்தத் தேசத்து யோவாகிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து வந்ததை நாம் ஐந்தாறு வாரங்களுக்கு முன் பார்த்தது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இவற்றையெல்லாம் எதனோடு எதைச் சேர்த்து என்ன செய்தான் என்று விவரிப்பது இந்தத் தொடரின் வேலையன்று. பழைய பத்திரிகைகளில் வந்திருந்தாலும் நான் அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

ஆனால் அவன் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தன்னைப் பௌதிக உபாத்தியாயர் என்று சொல்லிக்கொண்டு, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உள்படப் பல ஸ்தாபனங்களுக்கு அவன் கடிதம் எழுதினான். எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதங்கள் என்கிறார்கள். பதில்கள் மட்டும் மரியாதையாக வந்தன. 'புரொபசர் ஹான்' அவர்களுக்கு வேண்டிய தகவல்களைத் தந்த அந்த ஆணையத்து அதிகாரி ஒருவர், இந்தப் பதார்த்தங்களால் அபாயம் உண்டா என்ற கேள்விக்கு, உண்மையான அபாயம் மிகவும் சொற்பமே என்றும், கெடுதி செய்யும் அளவிலும் வடிவிலும் அவற்றை வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவை என்றும் எழுதியிருந்தார். இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அபாயமானது எதுவோ அதற்கு லைசென்ஸ் வேண்டும். ஆகவே லைசென்ஸ் இல்லாதவன் கையில் அபாயமானது இராது என்பது அதன் தர்க்கம். சட்டம் எழுதப்பட்டுவிட்டால் உலகமும் அதன்படி நடந்துகொண்டிருக்கும் என்று நம்பும் அதிகாரிகள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள்.

சட்டத்தின் கணக்கு எவ்வாறு தவறிற்று என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு புகை உணர்கருவியில் உள்ள அமெரிசியம், ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் உலோகத் தகட்டுக்குள் பதித்துச் சிறை வைக்கப்பட்டது. நெருப்பிலிருந்து உயிர்களைக் காக்கும் சாதனத்தை ஒரு குடும்பஸ்தன் கடையில் வாங்குவதற்கு லைசென்ஸ் கேட்பது அசட்டுத்தனம் என்று சர்க்கார் விலக்களித்ததில் பிழையில்லை. மேண்டிலுக்கும் அப்படியே. சட்டம் பொருள்களைத் தனித்தனியாக எடை போட்டு, ஒவ்வொன்றையும் நிரபராதி என்று விடுதலை செய்திருந்தது. அத்தனை நிரபராதிகளையும் ஒருவன் ஒரே கொட்டிலில் கூட்டி, சிறையை உடைத்து, பொடியாக்கி, சுத்திகரிப்பான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. சில்வர்ஸ்டீன் தரும் கணக்குப்படி, டேவிட் தன் தோரியத்தை இயற்கையில் உள்ளதைப் போல் 9,000 மடங்கு செறிவுள்ளதாகவும், லைசென்ஸ் தேவைப்படும் வரம்பைப் போல் 170 மடங்காகவும் ஆக்கியிருந்தான். வாங்கிய நாளில் எந்தப் பொருளும் குற்றமன்று. எந்த நிமிஷத்தில் குற்றமாயிற்று என்று சொல்ல அந்தக் கொட்டிலில் சாட்சி இல்லை.

அங்கே அவன் நடந்துகொண்ட விதத்தில் ஜாக்கிரதையும் அறியாமையும் விசித்திரமாகக் கலந்திருந்தன. ஈயத்தால் ஒரு மேலங்கி செய்து போட்டுக்கொண்டான். வேலை முடிந்ததும் உடைகளை எறிந்துவிட்டுச் செருப்பையும் மாற்றினான். கைகர் கருவி ஒன்றையும் வைத்திருந்தான். பிரித்தெடுத்தவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, தகட்டுத் தாளாலும் ஒட்டுநாடாவாலும் கட்டி, அதையே தன் உலை என்று வைத்துக்கொண்டான். அதன் கதிரியக்கம் நாளுக்கு நாள் ஏறுவதாகக் கருவி காட்டிற்று. ஒருநாள் தாயார் வீட்டிலிருந்து ஐந்து வீடுகள் தள்ளி நின்று பார்த்தபோதும் கருவி சப்தித்தது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. உலையைப் பிரித்து, ஒரு பகுதியை வீட்டிலும் கொட்டிலிலுமாக வைத்துவிட்டு, மிச்சத்தைக் காரில் ஏற்றினான். அந்தக் காரைத்தான் போலீசார் திறந்தார்கள்.

இதுவரை சொன்னதும் என் பேத்தி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்: "அப்போ அது வெடிச்சிருக்குமா தாத்தா?" கிளிண்டன் டவுன்ஷிப் போலீசார் கேட்டதும் இதே கேள்விதான், பத்திரிகைகள் கேட்டதும் இதுவே. வெடித்திருக்காது. உலையாகக்கூட அது ஆகவில்லை. சென்ற வாரம் பார்த்த பெர்மியின் அடுக்கை நினைத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 350 டன் கிராபைட், யுரேனியமும் அதன் ஆக்ஸைடுமாக 45 டன்னுக்கு மேல், உலகத்தின் தலைசிறந்த பௌதிக நிபுணர்களின் கணிதம், இவ்வளவும் சேர்ந்து அன்று தந்த சக்தி அரை வாட், ஒரு கைவிளக்கின் பல்புக்கே போதாதது. தன்னைத் தானே தொடர்ந்து நடத்திக்கொள்ளும் அணுப்பிளவுக்கு வேண்டிய எரிபொருளில் லட்சத்தில் ஒரு பங்குகூட அந்தக் கொட்டிலில் இல்லை. அணு உலையை வீட்டில் கட்டுவது சட்டப்படி முடியுமா என்று ஆராய்வதற்கு முன்பே, பௌதிகம் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

இதைக் கேட்டு மனம் ஆறிவிடுகிறவர்கள் மிகுதி. எனக்கோ இந்த இடத்தில்தான் கவலை தொடங்குகிறது. ஏனெனில் வெடிக்குமா என்று கேட்பவர்கள் தூசியை மறந்துவிடுகிறார்கள். அமெரிசியமும் தோரியமும் ரேடியமும் வெளிவிடும் ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். நம் தோலின் மேற்படலமே தடுத்துவிடும். ஆகையால் வெளியே இருக்கும்வரை அது சாது. அதே பதார்த்தம் பொடியாகி மூச்சோடு நுரையீரலிலோ, விரலோடு வாயிலோ போய்விட்டால், தடுப்பதற்குத் தாளும் இல்லை, தோலும் இல்லை. உயிருள்ள திசுவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் சுட்டுக்கொண்டேயிருக்கும். ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று மயங்கி உடல் எலும்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். 1920-களில் நியூ ஜெர்சியில் கடிகார முகங்களுக்கு ஒளிரும் வர்ணம் தீட்டிய பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டதால் தாடை அழுகி மாண்ட கதையை முன்பே எழுதியிருக்கிறேன். அவர்களிடம் உலையும் இல்லை, குண்டும் இல்லை. தூரிகை மட்டுமே இருந்தது. கியூரி அம்மையாரின் கைப்பிரதிகளை இன்றைக்கும் பாரிஸில் ஈயப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். டேவிட் அருமையாகத் தைத்துக்கொண்ட ஈய அங்கி, ஆல்பா தூசி விஷயத்தில் ஏறக்குறைய வீண். அவனுக்கு வேண்டியிருந்தது காற்றை வடிகட்டும் கவசமும், கை நுழைத்து வேலை செய்யும் மூடிய கூண்டும், ஒவ்வொரு பொடியையும் கணக்கு வைக்கும் ஒரு மேற்பார்வையாளரும்.

தூசி என்ன செய்யும் என்பதற்கு, பரிசோதனை எதுவும் இல்லாமலே நடந்த ஒரு பெருந்துயரம் சாட்சியாக நிற்கிறது. 1987-ஆம் வருஷம் செப்டம்பரில், பிரேஸில் தேசத்துக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்து கதிர் சிகிச்சை யந்திரத்தைப் பழைய இரும்புக்காகத் திருடிச் சென்றவர்கள் அதன் உள்ளறையை உடைத்தார்கள். அதில் இருந்த சீசியம் உப்பு நூறு கிராமுக்கும் குறைவு. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை அதிசயமாக எண்ணி உறவினருக்கும் சிநேகிதருக்கும் பங்கிட்டார்கள். உடம்பில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. நால்வர் இறந்தனர், 249 பேர் மேல் அதன் கறை படிந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை விளையாட்டரங்கில் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தச் சீசியத்தின் வீரியத்தோடு டேவிட்டின் கொட்டிலை ஒப்பிடுவது நியாயமாகாது. அது பன்மடங்கு கொடியது. ஆனால் இரண்டிலும் கெடுதி பரவிய வழி ஒன்றே: புட்டி உடைந்தது.

நம் தேசத்தில் 1948-லேயே அணுசக்திக்கு ஒரு சட்டம் வந்து, 1962-இல் அதைவிட விரிவான சட்டம் வந்தது. யுரேனியத்தையும் தோரியத்தையும் பெயர் குறித்துச் சர்க்காரின் ஆதீனத்தில் வைத்த அந்தச் சட்டங்களுக்குப் பின்னால், மணவாளக்குறிச்சி மணலை அந்நியர் அள்ளிப்போன நினைவும் இருந்தது. கண்காணிப்பதற்கென்றே ஒரு வாரியம் 1983-இல் அமைந்தது. அமெரிக்காவைப்போல் சில்லறைப் பரிசோதனைக்கு இங்கே இடைவெளி அதிகம் இல்லை என்று திருப்திப்படலாம்தான். ஆனால் 2010-இல் டில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு ஏலத்தில் வந்து சேர்ந்த ஆராய்ச்சிக்கூடக் கருவி ஒன்றுக்குள் கோபால்ட் இருந்ததும், அதைப் பிரித்தவர்களில் ஒருவர் உயிரிழந்ததும் நினைவுக்கு வந்தால் திருப்தி சற்றுக் குறையும்.

டேவிட்டுக்குப் பின்னும் இப்படிப்பட்டவர்கள் தோன்றாமல் இல்லை. 2011-ஆம் வருஷம் ஜூலையில் ஸ்வீடன் தேசத்தின் தென்கோடியில் உள்ள எங்கெல்ஹோல்ம் என்னும் ஊரில், ரிச்சர்ட் ஹாண்ட்ல் என்ற 31 வயதுக்காரர், சமையலறையில் அணுவைப் பிளக்க முயன்றுகொண்டிருந்தார். அடுப்பின்மேல் ஒருமுறை கலவை பொங்கி வெடித்தும் அவர் தளரவில்லை. தாம் செய்வது சட்டப்படி சரிதானா என்ற ஐயம் அவருக்கே தோன்றியது. உத்தமமான பிரஜையாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இலாகாவுக்கு எழுதிக் கேட்டார். பதிலைக் கொண்டுவந்தவர்கள் போலீசார். வீட்டை அளந்து பார்த்ததில் அபாயமான அளவு கதிர்வீச்சு இல்லை. வேலையைத் தொடங்குமுன் கேட்டிருந்தால் ஒரு தபால் தலையோடு விஷயம் முடிந்திருக்கும். இவர்களோடு, வெற்றிடக் கூண்டில் ஹைட்ரஜன் இனத்து வாயுவை உயர் மின்னழுத்தத்தால் மோதவிட்டு அணுச்சேர்க்கை காட்டும் பொழுதுபோக்காளர்களைச் சேர்த்து எண்ணக்கூடாது. 12 வயதுப் பையன் ஒருவன்கூட அமெரிக்காவில் அதைச் சாதித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றிருக்கிறான். அங்கே மின்சாரமும் எக்ஸ் கதிரும் ஆளைக் கொல்லக்கூடும் என்றாலும், விசையை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும். கொட்டிலில் இருந்த பொடிக்கு அணைக்கும் விசை கிடையாது. அமெரிசியம் பாதியாகக் குறைவதற்கு 432 வருஷம்; ரேடியத்துக்கு 1,600 வருஷம்; தோரியத்துக்கு 1,400 கோடி வருஷம்.

டேவிட்டின் பிற்கால வாழ்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொட்டிலின் முடிவு அதைவிட நீண்டது. அந்த விவகாரத்துக்காக அவன்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. வைத்தியப் பரிசோதனைக்கு உடன்படுமாறு சொன்னதை அவன் மறுத்துவிட்டான். கடற்படையில் சேர்ந்தான், அவனை அனுப்பிய கப்பல், அணு உலையால் ஓடும் 'என்டர்பிரைஸ்' என்னும் விமானந்தாங்கி. எட்டு உலைகள் உள்ள அந்தக் கப்பலில் அவனுக்கு உலைகளின் பக்கம் வேலை தரப்படவில்லை. 2007-இல் அடுக்குமாடி வீடொன்றிலிருந்து புகை உணர்கருவிகளைத் திருடியதாகப் பிடிபட்டு, 90 நாள் சிறைத் தண்டனை பெற்றான். 2016-ஆம் வருஷம் செப்டம்பரில், 39-ஆம் வயதில் இறந்தான். கதிரியக்கம் கொன்றது என்று பலர் எழுதினார்கள். காரணம் மதுவும் மருந்துகளும் கலந்த நஞ்சுதான். அவன் ரகசியமாகக் கொட்டிலில் உட்கார்ந்திருந்த வருஷங்களில், அருகே உட்கார்ந்து, அந்தப் புத்தியைச் சரியான மேஜைக்கு அழைத்துப் போக ஒரு நல்ல உபாத்தியாயர் வாய்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காரில் பெட்டி அகப்பட்டபோது கொட்டிலைப் பற்றி டேவிட் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பர் மாதக் கடைசியில்தான் உண்மையைச் சொன்னான். மாகாண நிபுணர்கள் வந்து அளந்தார்கள். காய்கறி டப்பா ஒன்றில் கருவி இயல்பைப் போல் ஆயிரம் மடங்கு காட்டிற்று. அந்தச் சுற்றுவட்டாரத்தில் 40,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா கருதியது. 1995-ஆம் வருஷம் ஜூன் மாதம் 26-ஆம் தேதி, சந்திரனுக்குப் போகிறவர்களைப்போல் உடை தரித்த மனிதர்கள் கோல்ப் மேனரில் இறங்கி, மூன்று நாள் வேலை செய்து, கொட்டிலைப் பலகை பலகையாக அறுத்தார்கள். 39 பீப்பாய்களில் அடைத்து முத்திரையிட்டு, யூட்டா மாகாணத்து உப்புப் பாலைவனத்துக்கு லாரியில் அனுப்பிப் புதைத்தார்கள். அணுகுண்டுத் தொழிற்சாலைகளின் கழிவுகளைப் புதைக்கும் இடம் அது. செலவு ஏறக்குறைய 60,000 டாலர்.

ஆனால் அந்த 39 பீப்பாய்களில் போனது பெரும்பாலும் பலகையும் மண்ணும் சட்டி டப்பாக்களும்தான். நிபுணர்கள் வருவதற்கு முன்பே, வீடு பறிபோய்விடுமோ என்று அஞ்சிய தாயார், கொட்டிலில் இருந்த ரேடியத்தையும் தோரியத்தையும் பொடிகளையும் வாரி, வீட்டுக் குப்பையோடு குப்பையாக வெளியே வைத்துவிட்டிருந்தார். பின்னாளில் டேவிட்டே இதை ஒரு வேடிக்கைபோல் சொல்வதுண்டு: அதிகாரிகளுக்குக் கிடைத்தது குப்பை, சரக்கு போனது குப்பை வண்டியில் என்று. அந்த வண்டி வழக்கம்போல் ஒரு காலையில் வந்தது. வழக்கம்போல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ஊர்க் குப்பை மேட்டுக்குப் போயிற்று.